மிஸ் போட்டுக் கொடுத்த மெஷின்கள்

"இதுல நீங்க என்ன செய்யப் போறீங்க?"

கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த எவரிடமும் மிஸ் கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன பழுது, எங்கே வாங்கியது, எவ்வளவு பழசு என்பதெல்லாம் பிறகு. கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். வந்தவர் வாயைத் திறக்கும்வரை ஓர் ஆணியைக்கூடக் கழற்றமாட்டார்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் நான் அப்போது கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கக் கண்ணாடி அறைகள், ஒரு போட்டோகொப்பி மெஷின், பாஸ்போர்ட் படம் பிடிக்க ஒரு நீலத் துணி. அவ்வளவுதான் கடை. கணவர் டோகாவில். கடையின் பின்பக்கம் சும்மா கிடந்தது. அங்கே ஒரு மேசை போட்டுக் கணினி திருத்தலாமா என்று கேட்டு வந்தவர்தான் மிஸ். கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியின் கணினிப் பிரிவில் இருந்தவர். கம்பனி மூடிய பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல், இரண்டு பஸ் மாறித் தினமும் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் சுணங்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு, தலைமயிரில் மெழுகுதிரிப் புகை மணக்க வருவார்.

வந்த முதல் நாளே எதிர்வீட்டுப் பிள்ளைகள் அவரை மிஸ் என்று கூப்பிட்டன. அப்படியே நின்றுவிட்டது. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரால் நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை, இப்போது புதிதாகத் தொடங்க மனமுமில்லை. வத்தளையில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார் என்று கேள்வி.

அது சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். வடக்கில் நடப்பதைச் செய்தியில் கேட்போம். கொழும்பில் சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, வீட்டுக்கு வீடு தேடுதல். இதற்கிடையிலும் வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு கணினி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே மாடிவீடுகளில். அனுப்புகிற பிள்ளைகள் காசோடு சேர்த்து ஆலோசனையும் அனுப்பினார்கள்: புதிய விண்டோஸ் வந்திருக்கிறது, அதைப் போடச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ஒரு நாள் ஓட்டோவில் தன் கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அந்தப் புதிய விண்டோஸான விஸ்டாவைப் போட வேண்டும் என்றார். மிஸ் வழமையான கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் செய்யலாம்தானே, மிஸ்."

"எல்லாம்னு ஒரு வேலை இல்லீங்க. நேத்து எழும்பினதுல இருந்து என்ன செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க."

தபாலதிபர் என்னைப் பார்த்தார். நான் போட்டோகொப்பித் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"பேப்பர் பாத்தனான். மத்தியானம் கொஞ்சம் படுத்தனான். பின்னேரம் கோயில்."

"இந்தப் பெட்டி வந்தா அதுல எது மாறும்?"

"பேரப்பிள்ளையின்ர படங்கள் மகன் அனுப்புறவன், அதுகளைப் பாக்க வேணும். செஸ் விளையாட வேணும். இஞ்ச எனக்கு விளையாட ஆளில்லை."

"அப்ப உங்களுக்குப் பழைய எக்ஸ்பி போதும். மத்தது இந்தப் பெட்டிக்குப் பாரம்."

"மகன் கனடாவில இருந்து புதுசைத்தான் போடச் சொன்னவன்."

"மகன் கனடாவுல இருக்கார். மெஷின் வெள்ளவத்தைல இருக்கு."

தபாலதிபருக்குக் கோபம் வந்துவிட்டது. அதே ஓட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வேறெங்கோ போனார். கொஞ்ச நாள் கழித்து நடந்தே வந்து, கடை வாசலில் நின்றபடி, "மிஸ் இருக்கிறாவோ?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "குதிரையை ஒருக்கா நகர்த்துறதுக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிடுறன், தங்கச்சி." மிஸ் சிரிக்கவில்லை. "கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு முறையும் கடை வாடகைதான் என் நினைவுக்கு வரும். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், கடைக்குக் கணினி போட வேண்டும், எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்டு வந்தார். மிஸ் பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க அவரோடு கதைத்தார். கடைசியில், "உங்களுக்கு மெஷினே வேணாம் ஹாஜியார். உங்க தலைக்குள்ள இருக்கிறதே நல்லா ஓடுது" என்று அனுப்பிவிட்டார்.

"மிஸ், வாற ஆக்களை எல்லாம் இப்பிடித் திருப்பி அனுப்பினால் கடை எப்பிடி நடக்கும்?" என்று கேட்டேன்.

"பிழையானதைப் போட்டுக் கொடுத்தா நாளைக்கு அவர் மெஷினைத் திட்டமாட்டார், தங்கச்சி. தனக்குத்தான் ஒண்ணும் விளங்கலைன்னு நினைச்சுக்குவார். வயசான மனுசரை அப்படி நினைக்க வைக்கிறது பாவம்."

அவர் எப்போதும் சரியாகத்தான் செய்தார் என்று சொல்லமாட்டேன். கட்டட வரைபடம் படித்த ஒரு மாணவியின் பழைய கணினியில், அது விண்டோஸின் பாரத்தைத் தாங்காது என்று லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். வகுப்பில் பாவிக்கிற மென்பொருள் அதில் ஓடவே இல்லை. அந்தப் பிள்ளை கண்ணீரோடு வந்து நின்றபோது மிஸ் எழும்பி நின்று, "மன்னிச்சுக்க மகள், வகுப்புல என்ன பாவிக்கிறீங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். அந்தப் பிள்ளைக்கு அவரைவிட முப்பது வயதாவது குறைவாக இருக்கும். தன் வீட்டுப் பெட்டியிலிருந்து நினைவகத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவளுடையதில் பொருத்தி, விண்டோஸைப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருடைய வீட்டுக் கணினி நெடுநாள் உயிரில்லாமல் கிடந்தது.

கடலோரத்து வீடுகளின் கணினிகளை அவர் திறக்கும்போது பார்க்க வேண்டும். உப்புக் காற்றில் உள்ளே பச்சை பிடித்திருக்கும். சிறிய வர்ணத் தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டுவார், குழந்தைக்குக் காது துடைப்பது போல. "ரயில் பாதைக்குப் பக்கத்து வீடா?" என்று கேட்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இனி நோர்வே அம்மாவின் கதை. மகன் நோர்வேயில் இருந்ததால் ஒழுங்கையில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னோம். யாழ்ப்பாணத்துப் பக்கம். மகனிடம் போக விசாவுக்குக் காத்துக்கொண்டு, ஒழுங்கையின் முனையில் ஒரு மாடிவீட்டில் இருந்தார். கிழமைக்கொரு தடவை என் கடையின் கண்ணாடி அறைக்குள் நின்று மகனோடு கதைப்பார். மகன் அவருக்கு ஒரு கணினி வாங்கக் காசு அனுப்பினான். பேத்தி பிறந்திருந்தாள். ஆனால் வாங்கிய கணினியைத் தொடவே அம்மா பயந்தார்.

"அதில நிக்கிற எழுத்தெல்லாம் எனக்குப் பூச்சி ஊருற மாதிரிக் கிடக்கு, பிள்ளை" என்றார் மிஸ்ஸிடம்.

"நீங்க அதுல என்ன செய்யப் போறீங்க, அம்மா?"

"மகன்ர முகத்தைப் பாக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

மிஸ் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தன் பையிலிருந்து கடதாசி உறையில் இருந்த ஒரு சீடி வட்டை எடுத்தார். அதுவும் லினக்ஸ்தான். கேட்டவருக்கெல்லாம் வெளிநாட்டிலிருந்து தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். அதன் பட்டியல், பொத்தான் எல்லாவற்றையும் தமிழில் மாற்றலாம். மிஸ் யாருக்குப் போட்டாலும் தமிழோடு சிங்களத்தையும் சேர்த்தே போடுவார். யார் வீட்டுக்கு யார் வருவார்களோ என்பார்.

சும்மா லேசில் முடியவில்லை. கமெரா வேலை செய்ய மறுத்தது. எங்கெங்கோ கடன் வாங்கி வேறு வேறு கமெராக்களைப் பொருத்திப் பார்த்தார். மற்ற வேலைகள் தேங்கின. கடைசியில் ஒரு பழைய கமெரா கண் திறந்தது. அன்று பின்னேரம் அம்மாவின் வீட்டுக்கு நானும் போனேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தார். "கோப்பு. தொகு. பார்வை." கடைசிச் சொல்லில் நின்றார். "உதவி எண்டும் போட்டிருக்கு, பிள்ளை."

பிறகு மிஸ் காட்டிய இடத்தில் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மகனின் முகம் வந்தது. ஒன்பது வருடமாகக் காணாத முகம். அம்மா திரைக்குக் கிட்டப் போய், "என்னடா தலை இப்பிடி வெளிச்சுப் போச்சு? எண்ணெய் வைக்கிறேல்லையோ?" என்று ஏசத் தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் ஆங்கிலம் தெரியாத எத்தனையோ பேருக்கு மிஸ் அதே தமிழ்த் திரையைப் போட்டுக் கொடுத்தார். அந்த நாட்களில் பஸ்ஸால் இறங்கி வரும்போது அவருடைய நடையே வேறு மாதிரி இருந்தது.

ஒரு நாள் காலை, நான் கடைக் கதவை உயர்த்தும்போது நோர்வே அம்மா தலையைக்கூட வாராமல் ஓடி வந்தார். மிஸ் அப்போதுதான் பையை மேசையில் வைத்திருந்தார்.

"பிள்ளை, பெடியனையும் பெட்டியையும் கொண்டுபோயிட்டாங்கள்."

பெடியன் என்றது அவருடைய தங்கையின் மகனை. கணக்கியல் பரீட்சைக்குப் படிக்க வந்து பெரியம்மாவோடு இருந்தான். சாதுவான பிள்ளை. பொலிஸ் பதிவு எல்லாம் சரியாக வைத்திருந்தான். விடியத் தேடுதலுக்கு வந்தவர்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகத்தான் திரும்பினார்களாம். ஒருவர் மட்டும் கணினியைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. பிறகு வந்தது முழுக்கத் தமிழ். வந்தவர்கள் அப்படியொரு கணினியை எங்கேயும் கண்டதில்லை.

மிஸ் பையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "தங்கச்சி, ஷட்டரை இறக்குங்க."

பொலிஸ் நிலைய வாங்கில் மூவரும் மத்தியானம்வரை இருந்தோம். மிஸ்ஸுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. யாரோ ஒரு கான்ஸ்டபிளிடம் கதைத்துக் கதைத்து, கணினிக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியின் அறைக்குள் எங்களை விடச் செய்துவிட்டார். அம்மாவின் பெட்டியும் திரையும் அங்கே மேசையில் இருந்தன. அதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். கத்தவில்லை. சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார்.

"எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் மட்டும் ஏன் வேறொன்று?"

"இந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, சேர். அதனால் நான்தான் போட்டுக் கொடுத்தேன்."

"வட்டு எங்கே கிடைத்தது?"

"வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது."

"யார் அனுப்பினார்கள்?"

"யார் கேட்டாலும் அனுப்புவார்கள், சேர். சும்மா."

"சும்மா யார் அனுப்புவார்கள்?"

அதிகாரி ஒரு தாளை இழுத்து, மிஸ்ஸின் பெயரையும் கொட்டாஞ்சேனை விலாசத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். பெடியனைக் கூட்டிப் போக வந்து, மிஸ்ஸையும் விட்டுவிட்டுப் போக வேண்டி வருமோ என்று நினைத்தேன்.

"சேர், நான் ஒருமுறை இதைப் போட்டுக் காட்டலாமா?" என்று மிஸ் கேட்டார்.

அதிகாரி தலையசைத்தார். கணினி எழும்பியது. கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடும்போது ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று மிஸ் சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே நுழைகிற இடம் வந்ததும், மொழி என்ற பட்டியலைத் திறந்து, சிங்களத்தைத் தெரிவுசெய்து அழுத்திவிட்டுக் கதிரையிலிருந்து எழும்பினார்.

"இருந்து பாருங்கள், சேர்."

அதிகாரி இருந்தார். திரை முழுக்கச் சிங்களம். அவர் சுட்டியைப் பிடித்து ஒரு பட்டியலைத் திறந்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார். உதடு அசைய அசைய வாசித்தார். "உதவ்" என்று கடைசிச் சொல்லை வாசித்தபோது நோர்வே அம்மா நிமிர்ந்து பார்த்தார்; அந்த ஒரு சொல் அவருக்கும் விளங்கியது. அதிகாரி வாசல் பக்கம் திரும்பி, "எய், மேக்க பலன்ன" என்று, இதை வந்து பார்க்கும்படி கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"என் அம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது" என்றார் அதிகாரி, மிஸ்ஸைப் பார்க்காமல்.

பெடியனை உடனே விட்டுவிடவில்லை. அவனுடைய ஊரிலிருந்து பதில் வரவேண்டும் என்றார்கள். அடுத்த நாள் பின்னேரம்தான் விட்டார்கள். பெட்டி மட்டும் நாங்கள் போன அன்றே கிடைத்தது. அதை எங்கள் கையில் தரும்போது அதிகாரி மிஸ்ஸிடம் தணிந்த குரலில் சொன்னார்: "நோனா, இது நல்ல சாமான். ஆனால் வீடு வீடாக வருகிற எங்கள் பெடியன்களுக்கு வாசித்துப் பார்க்க நேரமில்லை. எல்லோரிடமும் இருக்கிறதையே போட்டுக் கொடுங்கள்."

மிரட்டியிருந்தால் மிஸ் வாதாடியிருப்பார். அந்த மனுசர் நல்ல எண்ணத்தில் சொன்னார். அதுதான் அவரை வெட்டியது. ஓட்டோவில் வரும்போது, "நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கிட்டு இருந்தேன், தங்கச்சி. இந்த ஊர்ல இன்னொண்ணும் கேட்கணும். இதை வேற யார் பார்க்கப் போறாங்கன்னு" என்றார்.

அந்தக் கிழமை மிஸ் திருத்த வந்த எதையும் தொடவில்லை. தான் தமிழ்த் திரை போட்டுக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி, அதை எடுத்துவிட்டு விண்டோஸைப் போட்டார். எக்ஸ்பியில் வழமையாக வரும் நீல வானமும் பச்சைப் புல்மேடும் ஒவ்வொரு வீட்டிலும் வந்து உட்கார்ந்தன. சிலர் நல்லது என்றார்கள். சிலர் ஏன் என்று கேட்டார்கள். ஒருவரிடமும் அவர் ஒரு சதம் வாங்கவில்லை. போகிற இடமெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, பின்னேரம் கடைக்குத் திரும்பும்போது குரல் கட்டியிருக்கும்.

நோர்வே அம்மா மட்டும் கதவில் நின்று மறித்தார்.

"எடுக்க விடமாட்டன். அது எனக்கு விளங்குற ஒரே சாமான். நான் என்ன களவோ எடுத்தனான்? என்ர பாஷையில வாசிக்கிறதும் குற்றமோ?"

"குற்றம் இல்லைம்மா. ஆனா நான் போட்டதாலதானே பிள்ளையைக் கொண்டு போனாங்க."

"நீ போட்டதால இல்லைப் பிள்ளை. நாங்கள் நாங்களா இருக்கிறதால."

அப்போது உள்ளறையிலிருந்து அந்தப் பெடியன் வந்தான். திரும்பி வந்ததிலிருந்து அவன் அதிகம் கதைப்பதில்லை என்று அம்மா சொல்லியிருந்தார். "பெரியம்மா, எடுக்க விடுங்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்த அம்மா, கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

மிஸ் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். எழுத்தைப் பெரிதாக்கினார், தேவையில்லாதவற்றை எல்லாம் மறைத்தார், மகனைக் கூப்பிடுகிற படத்தை மட்டும் திரையின் நடுவில் வைத்தார். ஆனாலும் இடையில் ஒரு பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் அம்மா பயந்து முழுவதையும் அணைத்துவிடுவார். "வேற ஆரின்ரையோ வீட்டுக்குள்ள கேக்காமல் பூந்த மாதிரிக் கிடக்கு" என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச நாளில் மறுபடி என் கடைக்கே வரத் தொடங்கினார். கண்ணாடி அறைக்குள் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பேத்தி இப்ப எப்பிடி இருக்கிறாள்? எப்பிடி எண்டு சொல்லு" என்று கேட்பார். அந்தக் குரல் பின்பக்கத்து மேசைவரை கேட்கும். அம்மா போகும்வரை மிஸ் தூரிகையைக் கையில் வைத்தபடி சும்மா இருப்பார்.

பெடியன் பரீட்சை எழுதினான். லண்டனில் படிக்க விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்தான். அம்மாவின் விசா மட்டும் இன்னும் இழுபட்டது. தனியாக இருக்கப் பயந்து, தெஹிவளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். போன மறுகிழமை என் கடை வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. அம்மா இறங்கினார். ஓட்டோக்காரன் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

"பிள்ளை, பழையபடி தமிழைப் போடு."

மிஸ் எழும்பி நின்றார். "அம்மா, யாராவது வந்து பார்த்தா?"

"பாக்கட்டும். இப்ப வீட்டில பெடியன் இல்லை. நான் கிழவி. என்னைக் கொண்டு போய் என்ன செய்யப் போறாங்கள்? சோறு தரட்டும்."

மிஸ் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று மேசைப் பக்கம் திரும்பி, கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை ஓரத்தால் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு கடதாசி உறையில் இருந்த அந்த வட்டை எடுத்துப் போட்டார். அன்று அவர் வேறு எவருடைய வேலையும் செய்யவில்லை. அம்மா பக்கத்தில் முக்காலி போட்டிருந்து, வருகிற எழுத்துகளை எல்லாம் உரத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

வேலை முடியப் பின்னேரமாகிவிட்டது. அம்மாவைத் தனியே அனுப்ப மிஸ்ஸுக்கு மனம் வரவில்லை. மூவருமாக ஓட்டோவில் ஏறினோம். பெட்டி அம்மாவின் மடியில். வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. முன்னால் போன வாகனங்களை விட்டுவிட்டு எங்களை ஓரம் கட்டச் சொன்னார்கள். மூன்று அடையாள அட்டைகளையும் பார்த்த ஆமிக்காரன் மிகவும் இளையவன். மீசை சரியாக அரும்பவில்லை. தோளில் தொங்கிய துவக்கின் முனையால் பெட்டியைக் காட்டினான்.

"அதுக்குள்ளே என்ன இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

மிஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். கேள்வி அவருக்கு எப்படி விளங்கியதோ தெரியாது.

"என்ர மகன்" என்றார்.

ஆமிக்காரன் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் சிங்களத்தில் சொன்னார்: "இவருடைய மகன் தூரதேசத்தில் இருக்கிறான். இந்தப் பெட்டியில்தான் அவன் முகத்தைப் பார்க்கிறார்."

அவன் பெட்டியைப் பார்த்தான். அதை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் கைகளைப் பார்த்தான். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. அவன் அடையாள அட்டைகளை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு, ஓட்டோக்காரன் பக்கம் குனிந்து ஏதோ சொல்லி, கையைக் காட்டினான். ஓட்டோ நகர்ந்தது.

"என்ன பிள்ளை சொன்னவன்?" என்று அம்மா கேட்டார்.

மிஸ் அம்மாவின் மடியில் இருந்த பெட்டியில் தன் கையையும் வைத்துக்கொண்டார். "ரோட்டுல குழி இருக்காம். மெதுவா கொண்டு போகச் சொல்றான்" என்றார்.